முழித்திருக்கிறவரோடு என்ன பேச்சு

மின்விசிறியைத் துடைப்பது அந்த வீட்டில் வாத்தியாரின் வேலை. வேறு எந்த வேலையும் அவர் பங்குக்கு இல்லாததால், இந்த ஒன்றை ஊரைக் கூட்டித்தான் செய்வார். ஏணியை ஒருவர் பிடிக்க வேண்டும், வாளியை ஒருவர் நீட்ட வேண்டும், கீழே உதிரும் தூசியைப் பார்த்து "அடேயப்பா!" என்று ஒருவராவது சொல்ல வேண்டும். அன்றைக்கு ஏணி பிடிக்க வேண்டிய மகள் போன் வந்ததென்று வாசல் பக்கம் போய்விட்டாள். வாளி நீட்ட வேண்டிய மனைவி, வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில், சமையலறையில் டிபன் டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தாள். வாத்தியார் ஒரு கையில் ஈரத்துணியும் மறு கையில் விசிறியின் இறக்கையுமாக நின்றபடி சமையலறைக்குக் கேட்கும்படி பாடம் நடத்தினார்.

"இறக்கைய அடியில பிடிக்கணும். நுனியில பிடிச்சா வளைஞ்சிடும். வெவரம் தெரியாதவங்கதான் நுனியில..."

அந்த வாக்கியம் முடியவில்லை. ஏணி ஒரு பக்கம், வாளி ஒரு பக்கம், கட்டில் விளிம்பில் தலையை இடித்துக்கொண்டு வாத்தியார் நடுவில்.

வாத்தியார் என்றால் பள்ளிக்கூட வாத்தியார் அல்ல. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். தன்னிடம் படித்தவர்களில் ஒருவர்கூட இதுவரை மரத்தில் மோதியதில்லை என்று பெருமையாகச் சொல்வார். சுவர்களை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை.

மனைவி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். கத்தவில்லை, கதறவில்லை. தரையில் மண்டியிட்டு, அவர் தலையை அசையாமல் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

"அசையாதீங்க. உங்க பேரு என்ன?"

"ஏன், இத்தனை வருஷம் குடும்பம் நடத்திட்டு இப்பத்தான் கேக்கணும்னு தோணுச்சா?"

"பேச்சுத் தெளிவா இருக்கு," என்றாள், ஓடிவந்த மகளிடம். "ஆம்புலன்ஸைக் கூப்பிடு. போன்தான் கையிலயே இருக்கே."

ஆம்புலன்ஸில் போகும்போது வாத்தியாருக்கு விலா வலித்தது, தலை வலித்தது. அதைவிட அதிகமாக வலித்தது இன்னொன்று. ஒரு 'ஐயோ' சொல்லியிருக்கக் கூடாதா? பக்கத்து வீட்டுக்காரர்கூட இரண்டு 'ஐயோ' சொன்னார்.

அவளைக் குறை சொல்லியும் பயனில்லை. படிப்பு முடித்த நாளிலிருந்து அவள் தீவிர சிகிச்சைப் பிரிவில்தான் நர்ஸ். மூச்சுக்கு ஒரு இயந்திரம், சிறுநீரகத்துக்கு ஒரு இயந்திரம், கழுத்து நரம்பில் நாலு குழாய் என்று கிடப்பவர்களோடு பொழுதெல்லாம் இருந்துவிட்டு வருகிறவளிடம், "லேசா ஜுரம் அடிக்கிற மாதிரி இருக்கு" என்று சொன்னால் என்ன மரியாதை கிடைக்கும்? "மூச்சு நல்லா வருதா? அப்பப் படுங்க," என்பாள். ஒரு முறை நாத்தனார் நெஞ்சு படபடக்கிறதென்று மூச்சிரைக்க ஓடிவந்தாள். இவள் ஒரு கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து, மறு கையால் அடுப்பைச் சிம்மில் வைத்து, "மாடிப்படி ஏறி வந்திருக்கீங்க, அண்ணி. உக்காருங்க, சரியாயிடும்," என்றாள். நாத்தனாருக்கு உடனே சரியாகிவிட்டது. அதுதான் அவளுக்குப் பெரிய அவமானமாகப் போய்விட்டது. அன்றிலிருந்து சொந்தக்காரர்கள் நடுவில் இவளுக்குப் பெயர், 'கல்லு'.

தோசைக்கல்லாவது தண்ணீர் பட்டால் சத்தம் போடும். இவள் வீட்டில் வாயைத் திறப்பதே அபூர்வம். "சாப்பிடுங்க." "மழை வருது, துணிய எடு." "சாவி?" வாத்தியார் நாள் முழுக்க "கிளட்ச்... கிளட்ச்... அம்மா தாயே, அது பிரேக்!" என்று கத்திவிட்டு வீட்டுக்கு வந்து, மிச்சம் இருப்பதையும் பேசித் தீர்ப்பவர். அவருக்கு வாழ்க்கையில் பெரிய ஆசையெல்லாம் இல்லை. தனக்கு ஒன்று என்றால் பெண்டாட்டி பக்கத்தில் உட்கார்ந்து, நாலு வார்த்தை கனிவாகப் பேச வேண்டும். தலைவலி, முதுகுவலி, ஒரு தடவை அம்மைகூட வந்து பார்த்துவிட்டது. நடக்கவில்லை.

இந்தத் தடவை நிச்சயம் நடக்கும் என்று ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி நினைத்துக்கொண்டார்.

இரண்டு விலா எலும்பு முறிவு. மண்டைக்குள் மெல்லிய கோடு போல ஒரு இரத்தக் கசிவு. "பயப்பட ஒண்ணுமில்ல, ஆனா கண்ணை எடுக்காமப் பாத்துக்கணும்," என்று இளம் டாக்டர் சொல்லி, அவளுடைய பிரிவிலேயே சேர்த்தார். மணிக்கொரு தரம் எழுப்பிப் பெயர் கேட்க வேண்டும், கை காலை அசைக்கச் சொல்ல வேண்டும், கண்மணியில் விளக்கடித்துப் பார்க்க வேண்டும். வாத்தியாருக்கு உள்ளூர சந்தோஷம். மணிக்கொரு தரம்!

அந்தச் சந்தோஷம் நர்ஸுகளுக்குத் தலைவியான இன்சார்ஜ் அம்மா வரும்வரைதான். தன் சொந்தக்காரருக்கு எந்த நர்ஸும் வைத்தியம் பார்க்கக் கூடாது என்பது அங்கே விதி. கை நடுங்கும், முடிவு தடுமாறும், அதனால். "நீ பக்கத்துக் கட்டிலைப் பாரு. இவரை கண்டக்டர் பாத்துக்குவான்," என்று முடித்துவிட்டார் அந்த அம்மா.

கண்டக்டர் என்பது ஆண் நர்ஸ் ஒருவனின் பட்டப்பெயர். ஆள் ஒல்லி. குரல் மட்டும் நெரிசலான பஸ்ஸின் பின்படியிலிருந்து முன்படிக்குப் போவது.

"மாமா! கண்ணத் தொறங்க மாமா! பேரச் சொல்லுங்க!"

அவளை 'அக்கா' என்று கூப்பிடுகிறவனுக்கு இவர் மாமா. அதில் தவறில்லை. ஆனால் நாலு கட்டில் தள்ளி மயக்கத்தில் இருப்பவரும் பெயரைச் சொல்லிவிடுவார் போலிருந்தது.

"மெதுவாக் கேளுப்பா. எனக்குத் தலையில அடி, காதுல இல்ல."

"பேச்சு சூப்பர்! கையை இறுக்கிப் பிடிங்க... இன்னும்... அடேங்கப்பா, ஸ்டியரிங் பிடிச்ச கை!"

பக்கத்துக் கட்டிலில் ஒரு லாரி டிரைவர். பாலத்துச் சுவரில் மோதி, நெஞ்சுக்கூடு நொறுங்கி, வாயில் குழாயோடு, மயக்க மருந்தில் கிடந்தார். மலை போன்ற மனிதர். நடுவில் ஒரு பச்சைத் திரை. அந்தத் திரைக்கு அப்பாலிருந்துதான் முதல் நாள் பிற்பகல் அந்தக் குரல் கேட்டது.

"அண்ணா, இப்ப உங்க வாயைத் துடைக்கப் போறேன். கொஞ்சம் ஜில்லுனு இருக்கும், பயந்துக்காதீங்க. ஆங்... அப்படித்தான். வெளியில வெயில் நல்லா அடிக்குது. உங்க வீட்டுல அக்கா வந்திருக்காங்க, கொஞ்ச நேரத்துல உள்ள வருவாங்க. இப்ப உங்களை இந்தப் பக்கமாத் திருப்பப் போறோம். நீங்க ஒண்ணும் பண்ண வேணாம், எல்லாம் நாங்க பாத்துக்கறோம். சமத்து. இவ்வளவு ஒத்துழைக்கிற ஆளை நான் பாத்ததே இல்ல."

அப்பா! என்ன குரல் அது. தூங்குகிற குழந்தையின் மேல் போர்வை இழுத்துவிடுகிற மாதிரி. வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். விலா வலிகூடச் சற்றுக் குறைந்தது. கண்டக்டர் வந்ததும் திரையைக் காட்டிக் கிசுகிசுத்தார்.

"யாருப்பா அந்தம்மா? தங்கமான மனுஷி. கட்டினவன் கொடுத்து வச்சவன்."

கண்டக்டரின் முகம் மாறியது. விளக்கை எடுத்து அவர் கண்ணில் அடித்தான்.

"மாமா, அது நம்ம அக்கா."

"எந்த அக்கா?"

"உங்க சம்சாரம், மாமா."

"போப்பா, விளையாடாதே. என் பெண்டாட்டி குரல் எனக்குத் தெரியாதா?"

அவ்வளவுதான். அந்தப் பிரிவே கால் முளைத்து ஓடியது. தலையில் அடிபட்டவருக்குக் கட்டின பெண்டாட்டி குரல் அடையாளம் தெரியவில்லை என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். உள்ளே கசிவு பெருகுகிறது. இளம் டாக்டர் படியேறி ஓடிவந்தார். இது என்ன வருஷம், நீங்கள் இருப்பது எந்த இடம், நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள் என்றார். வாத்தியார் எண்பத்தாறில் தடுமாறினார். அடிபடாமல் கேட்டிருந்தாலும் தடுமாறியிருப்பார். டாக்டர் உதட்டைக் கடித்துக்கொண்டு, "உடனே ஸ்கேன்," என்றார்.

திரையை விலக்கிக்கொண்டு அவள் வந்து நின்றாள். கையுறையைக்கூடக் கழற்றவில்லை.

"டாக்டர், ஸ்கேன் வேணாம்."

"சிஸ்டர், உங்க குரலையே அவருக்கு அடையாளம் தெரியல."

"அவருக்குத் தெரியாது, டாக்டர்."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

"அது இல்ல..." அவள் தரையைப் பார்த்தாள். சுற்றி நின்ற அத்தனை பேரும் அவளைப் பார்த்தார்கள். "வீட்டுல நான் அப்படிப் பேச மாட்டேன். அவரு கேட்டதே இல்ல."

கண்டக்டர்தான் முதலில் கேட்டான்: "ரேடியோ அக்காவா? நீங்களா? பேச மாட்டீங்களா?"

அங்கே அவள் பெயர் ரேடியோ. மயங்கிக் கிடப்பவர்களிடம் ஓயாமல் பேசுவதால் யாரோ வைத்து நிலைத்த பெயர். கண் திறக்க முடியாதவர் உடம்பில் சொல்லாமல் கை வைத்தால் அது அவருக்குத் திடுக்கிடும். அதனால் ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டும் என்பது தொழில் வழக்கம். மற்றவர்கள் இரண்டு வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். இவள் வானிலை, வாசலில் நிற்கும் உறவு, நேற்றைக்கு இன்றைக்கு முகம் தெளிந்திருக்கும் விவரம் எல்லாவற்றையும் சொல்லுவாள். பதில் பேசாதவர்களோடு பேசுவதில் ஒரு சுகம் உண்டு. அதை வீட்டில் ஓயாமல் பேசும் ஒருவரை வைத்துக்கொண்டிருப்பவர்களால்தான் புரிந்துகொள்ள முடியும்.

எதற்கும் இருக்கட்டும் என்று டாக்டர் ஸ்கேன் எடுக்கத்தான் அனுப்பினார். கசிவு அப்படியே இருந்தது, பெருகவில்லை. வாத்தியாருக்கு மட்டும் உள்ளே என்னவோ பெருக ஆரம்பித்திருந்தது.

மறுநாள் மகள் பார்க்க வந்தபோது அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

"என்னப்பா, வலிக்குதா?"

"அந்த லாரிக்காரனுக்கு என்ன குறைச்சல்? சமத்துங்கறா. ஒத்துழைக்கிறாருங்கறா. வாயில குழாய், கை காலெல்லாம் மருந்துல மரத்துக் கிடக்குது. ஒத்துழைக்காம என்ன பண்ணுவான்?"

"அப்பா! அவரு உசுருக்குப் போராடுறாரு. அவர் மேல பொறாமையா உங்களுக்கு?"

"பொறாமை இல்லம்மா. நியாயம் கேக்கறேன்."

மகள் திரைக்கு அந்தப் பக்கம் போய் அம்மாவிடம் முணுமுணுத்தாள். திரை என்பது துணிதானே, எல்லாம் கேட்டது.

"ஒரு தடவை அப்படிப் பேசித் தொலையேம்மா. மனுஷன் ஏங்கிப்போய்க் கிடக்கறாரு. காசா பணமா?"

"பேசறதுக்கு என்ன இருக்கு? அவர்தான் முழிச்சிருக்காரே," என்றாள் அம்மா. சொல்லிவிட்டு உடனே குரலை மாற்றினாள். "அண்ணா, ரத்த அழுத்தம் பாக்கப் போறேன். கை கொஞ்சம் இறுகும்."

வாத்தியார் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். முழித்திருப்பதுதான் தடை என்றால் அதற்கு வழி இல்லாமலா போய்விடும்?

அன்று பிற்பகல் கண்டக்டர் பெயர் கேட்க வந்தபோது வாத்தியார் கண்ணைத் திறக்கவில்லை.

"மாமா! மாமோய்!"

பதில் இல்லை. தோளைத் தட்டினான். பதில் இல்லை. உலுக்கினான். வாத்தியார் பல்லைக் கடித்துக்கொண்டார். இன்னும் கொஞ்ச நேரம்தான். அவள் வருவாள். 'இப்ப உங்க கையைத் தொடப் போறேன்' என்பாள்.

கண்டக்டர் இமையைப் பிரித்துப் பார்த்தான். உண்மையில் மயங்கியவரின் இமை ஈரத்துணி மாதிரி துவண்டு திறக்கும். நடிக்கிறவன் தன்னை அறியாமல் இறுக்கிக்கொள்வான். நர்ஸ் வேலையில் சேர்ந்த முதல் மாதத்திலேயே தெரிந்துகொள்கிற சங்கதி அது. வாத்தியாரின் இமை துருப்பிடித்த ஷட்டர் போல எதிர்த்தது. கண்டக்டருக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவனுடைய 'மாமோய்' அதற்குள் பிரிவு முழுக்கப் போய்ச் சேர்ந்திருந்தது. டீ குடிக்கப் போயிருந்தவள் கையில் டம்ளரோடு ஓடிவந்தாள். டீ யார் காலில் கொட்டியது என்று அவளுக்குத் தெரியாது. இன்சார்ஜ் அம்மாவின் காலில்.

"அக்கா, பதறாதீங்க, இமைய இறுக்கறாரு..."

அவள் காதில் விழவில்லை. அவனை இடித்துத் தள்ளிவிட்டுக் கட்டிலை எட்டினாள்.

"இங்க பாருங்க! என்னங்க! இங்க பாருங்க!"

வாத்தியார் காத்திருந்த குரல் இல்லை அது. வீட்டுக் குரலும் இல்லை. தண்ணீர் வற்றிய குழாயைத் திறந்தால் வருமே, அப்படி ஒரு கரகரப்பு. வாத்தியாருக்கே பயமாகிவிட்டது. யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்தார். கண்ணைத் திறக்கலாமா என்று யோசிப்பதற்குள் காரியம் மிஞ்சிவிட்டது. விலா உடைந்தவரை நெஞ்சில் அழுத்தி எழுப்பக் கூடாது. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இருக்கிற சதையைப் பிடித்துத் திருக வேண்டும். இமை விஷயத்தை மறந்துபோனவளுக்கு இது மறக்கவில்லை. பிடித்தாள். திருகினாள்.

"ஐயையோ! கொல்றாளே!"

"வலிக்கு எழுந்திருக்காரு," என்றான் கண்டக்டர் கடமையுணர்ச்சியோடு. "பேச்சுத் தெளிவா இருக்கு. ஆளையும் அடையாளம் தெரியுது."

அவள் கையை எடுத்தாள். எடுத்த கை நடுங்கியது. அதை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டாள்.

"நடிச்சீங்களா?"

"அசந்து தூங்கிட்டேன்மா."

"சார்," என்றார் இளம் டாக்டர், மூச்சு வாங்க. "இன்னொரு தடவை இப்படி அசந்து தூங்குனீங்கன்னா, மண்டையைத் தொறந்தே பாத்துடுவோம்."

"எந்த பெட்டு உனக்குன்னு சொன்னேன்?" என்றார் இன்சார்ஜ் அம்மா, செருப்பை உதறியபடி. விதியை எதற்கு வைத்திருக்கிறார்கள் என்பது அன்றைக்கு எல்லாருக்கும் புரிந்துபோனது. அவளுக்கும்தான். அவள் திரைக்கு அந்தப் பக்கம் போனாள்.

அதன் பிறகு அவர் அந்தப் பிரிவில் இருந்தவரை அவள் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. "சாப்பிடுங்க" என்பதுகூட மகள் வழியாகத்தான் வந்தது. வாத்தியாருக்கோ செய்வதற்கு வேறு வேலை இல்லை. படுத்தபடியே திரைக்கு அப்பால் காது கொடுத்துக்கொண்டிருந்தார். லாரி டிரைவர் தேறத் தேற அவளுடைய பேச்சு சுருங்கி வந்தது. மயக்க மருந்தை நிறுத்தினார்கள், வானிலை நின்றது. வாயிலிருந்த குழாயை எடுத்தார்கள், 'சமத்து' நின்றது. ஒரு காலையில் டிரைவர் கண்ணைத் திறந்து, கரகரத்த குரலில் தண்ணீர் கேட்டார்.

"குடிங்க. மெதுவா," என்றாள். அவ்வளவுதான்.

டிரைவரின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இந்த சிஸ்டர்தாங்க ராப்பகலா உங்ககிட்டப் பேசிட்டே இருந்தாங்க," என்றாள். டிரைவர் சிஸ்டரை ஏற இறங்கப் பார்த்தார். "இவங்களா?" என்றார். அவருக்கு ஒன்றுமே நினைவில்லை.

அதே நேரத்தில் மூலைக் கட்டிலுக்கு வந்திருந்த ஒரு முதியவருக்கு நிலைமை மோசமாகிக்கொண்டே போனது. அவரிடம் அவள் பேசியதைப் போல அந்தப் பிரிவில் யாரும் பேசிக் கேட்டதில்லை. கல்லும் கரையும். வாத்தியார் கேட்டுக்கொண்டே படுத்திருந்தார். சாயங்காலம் அந்தக் கட்டிலில் புது விரிப்பு விரித்தார்கள். வாத்தியார் போர்வையை மோவாய்வரை இழுத்துக்கொண்டார். கணக்கு அவருக்குப் புரிந்துவிட்டது.

பிறகு அவரைத் தனி அறைக்கு மாற்றினார்கள். ஜன்னல், ஒரு நாற்காலி, ஓயாமல் சொட்டும் ஒரு குழாய். இங்கே யாரும் மணிக்கொரு தரம் பெயர் கேட்பதில்லை. கண்டக்டர் மட்டும் வழியில் எட்டிப் பார்த்து, "மாமா, தூங்கலையே?" என்று கத்திவிட்டுப் போவான். மகள் ஒரு நாள் அம்மாவைப் படிக்கட்டில் நிறுத்தி வைத்து என்னென்னவோ பேசினாள். என்ன பேசினாள் என்று தெரியாது. துணித்திரை இல்லாததால் வாத்தியாருக்குக் கேட்கவில்லை.

அன்று வேலை முடிந்து அவள் அறைக்கு வந்தாள். பையை நாற்காலியில் வைத்தாள். கையைக் கழுவிக்கொண்டு, அந்தக் குழாயை இறுக்கி மூடப் பார்த்தாள், முடியவில்லை. கட்டில் அருகே வந்து நின்று ஒரு முறை தொண்டையைச் சரிசெய்துகொண்டாள்.

"இப்ப உங்களை இடது பக்கமாத் திருப்பப் போறேன்," என்றாள். "விலாவுல கொஞ்சம் வலிக்கும். பயந்துக்காதீங்க, என் கையைப் பிடிச்சுக்கோங்க. ஆங்... அப்படித்தான். ஆச்சு. எவ்வளவு சமத்தா ஒத்துழைக்கிறீங்க."

அதே குரல். திரை இல்லாமல், நேருக்கு நேர், அவருக்கே அவருக்கு.

வாத்தியாரின் முகம் வெளிறிப்போனது.

"டாக்டர் வந்தாரா?"

"காலையில வந்தாரு. எல்லாம் நல்லபடியா இருக்கு. நீங்க எதையும் மனசுல போட்டுக்காதீங்க. வெளியில காத்து இதமா வீசுது. நான் இங்க பக்கத்துலயேதான் இருக்கேன்."

"எதையும் மறைக்காதே," என்றார். குரல் உடைந்தது. "எத்தனை நாள்னு சொன்னாரு?"

"நாளைக்கு வீட்டுக்குப் போகலாம்னு சொன்னாரு."

"அப்படித்தான் சொல்லுவாங்க. கடைசியில வீட்டுக்குத்தான் அனுப்புவாங்க. பொண்ணைக் கூப்பிடு. டிரைவிங் ஸ்கூல் காரோட ரெண்டாவது சாவி அலமாரி மேல இருக்கு, இடது பக்கம் இன்டிகேட்டர் வேலை செய்யாது, பாத்து விக்கச் சொல்லு. ஏணியை மட்டும் யாருக்கும் குடுத்துடாதீங்க..."

"என்னங்க," என்றாள் அவள். இன்னும் அந்தக் குரலில்தான். ஆரம்பித்துவிட்டால் எங்கே நிறுத்துவது என்று அவளுக்கும் தெரியவில்லை. "இதைத்தானே கேட்டீங்க? உங்ககிட்ட நான் எப்படித்தான் பேசட்டும்? நீங்களே சொல்லுங்க."

வாத்தியார் வலது கை விரல்களை இடது மணிக்கட்டில் வைத்து, உதடு அசைய, தன் நாடியைத் தானே எண்ணிக்கொண்டிருந்தார். விரல் வைத்திருந்த இடம் தப்பு. அங்கே நாடி அகப்படாது.

அவள் பிறகு பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு அறையை விட்டு வெளியே போனாள்.